ஆங்கில வகுப்பை மாற்றுவது எப்படி: பாலக்காடு எல்லைப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளிலும், எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கத்துப் பள்ளிகளிலும் ஆங்கிலம் நடத்துகிறவர்கள் கூடும் இடங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

1. கிளஸ்டர் மீட்டிங்குக்கு ஒழுங்காத்தான் போறோம். அதுக்கு மேல என்ன தொழில்முறை வளர்ச்சி வேணும்?

கிளஸ்டர் மீட்டிங் என்பது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சி. அதற்குப் போனால் புதியதைக் கேள்விப்படலாம். அது ஆரம்பம்தான். கேட்டதில் ஒன்றை வகுப்பில் செய்து பார்த்து, எங்கே சிக்கியது என்று இன்னொரு ஆசிரியரோடு பேசி, அடுத்த வாரம் திருத்திச் செய்தால்தான் அது வளர்ச்சி. கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கிய பயிற்சியால் பிள்ளைகளின் நோட்டில் எதுவும் மாறவில்லை என்றால், அந்த வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

2. வருஷத்துக்கு 50 மணி நேரம்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

2020 தேசியக் கல்விக் கொள்கையில் உள்ள கணக்கு அது. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பயிற்சியில் ஈடுபட வேண்டும் என்கிறது. பதிவேட்டில் எது ஏறும் என்பதை அந்தந்த மாநிலத்தின் உத்தரவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. 50 மணி நேரத்தையும் காணொளி பார்த்தே நிரப்பிவிடாதீர்கள். பாதியையாவது உங்கள் வகுப்பில் நடக்கும் வேலைக்கு ஒதுக்குங்கள்.

3. பயிற்சி முடிஞ்சு வந்தா ஒரு வாரம் புதுசா நடத்தறோம். அப்புறம் பழைய மாதிரியே ஆயிடுது. எங்க சோம்பேறித்தனமா?

இல்லை. பயிற்சி உங்களிடம் வந்து சேரும் விதத்தில்தான் கோளாறு. 1950களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில் 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பெயர்பெற்ற திட்டம் ஒன்று நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பழக்கும் ஸ்ட்ரக்சுரல் முறைக்கு மாற்றுவது நோக்கம். கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொடுப்பது, அந்தக் கூட்டம் அதற்கடுத்த கூட்டத்துக்கு. மாநிலம், மாவட்டம், பிஆர்சி எனும் வட்டார வள மையம், கிளஸ்டர் என்று இன்று இறங்கிவரும் பயிற்சியும் இதே வழியில்தான் வருகிறது. ஒவ்வொரு படியிலும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது செய்து காட்டலும் செய்து பார்த்தலும். கடைசிப் படியில் நிற்கும் உங்கள் கைக்கு வருவது ஸ்லைடு மட்டுமே.

அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் இதைத் தெளிவாகச் சொன்னார்கள்: விளக்கமும் செய்முறையும் அறிவைத் தரும், பள்ளிக்குத் திரும்பிய பிறகு பக்கத்தில் ஒருவர் இருந்து கைகொடுத்தால்தான் அது வகுப்பறைப் பழக்கமாகும். ஆகவே அடுத்த கிளஸ்டரில் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: 'மாஷே, இந்த முறையில, வர்ற திங்கட்கிழமை நான் எடுக்கப்போற பாடத்தைப் பத்து நிமிஷம் நடத்திக் காட்டுங்க.' அங்கேயே நீங்களும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். எந்தத் தேதியில், எந்த வகுப்பில் செய்யப்போகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு கிளம்புங்கள். தேதி போடாத திட்டம் பெரும்பாலும் நடக்காது.

4. பயிற்சி முழுக்க மலையாளத்துல நடக்குது. எனக்குப் பாதிதான் புரியுது. என்ன பண்றது?

தமிழ்நாட்டில் படித்துவிட்டுக் கேரளத்தில் தமிழ்வழி வகுப்பெடுக்கும் பலருடைய கஷ்டம் இது. ஆங்கிலப் பாடத்துக்கான பயிற்சியை ஆங்கிலத்தில் நடத்தக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. பயிற்சியாளரிடம் காலையிலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள். மதியத்துக்குமேல் சொன்னால் நேரமிருக்காது. பலகையில் எழுதுவதை மட்டுமாவது ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

குழுவேலையில் மலையாளவழி ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து உட்காருங்கள். தமிழ்வழி ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மூலையில் கூடிவிட்டால் புரியாத பாதி எல்லோருக்கும் புரியாமலே போகும். வீடு திரும்பும் முன்பு தமிழ்வழி ஆசிரியர்கள் மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்து, அன்று கேட்டதில் தங்கள் வகுப்புக்கு எது பொருந்தும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

5. சரி, மாத்தணும்னு முடிவு பண்ணியாச்சு. எதுல ஆரம்பிக்கறது?

ஒரே ஒரு பழக்கத்தில். எது என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். போனை மேசையில் வைத்து ஒரு பாடவேளையில் நடுவிலுள்ள பத்து நிமிடத்தை ஒலிப்பதிவு செய்யுங்கள். படம் வேண்டாம், குரல் போதும். வீட்டில் கேட்டுக்கொண்டே தாளில் மூன்று கோடு போடுங்கள்: நீங்கள் கேட்ட கேள்விகள் எத்தனை, அவற்றில் ஆமாம்-இல்லை என்றோ ஒரே சொல்லிலோ முடிந்தவை எத்தனை, பதில் வருமுன் நீங்களே பதில் சொன்னவை எத்தனை. பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது எண் அதிர்ச்சி தரும்.

அதனால் நாங்கள் முதலில் சொல்வது காத்திருப்பு நேரம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். ரோ பார்த்தது அறிவியல் வகுப்பை. வேற்று மொழியில் பதிலைத் தேடும் பிள்ளைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஐந்து விநாடி கொடுங்கள். கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள், அப்புறம் பெயர் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முதல் வாரம் அந்த மௌனம் உங்களைப் பிடுங்கித் தின்னும். பாதியில் உடைத்துவிடாதீர்கள்.

6. இங்கிலீஷ் வகுப்புல தமிழ் பேசலாமா கூடாதா? ஒருத்தர் கூடாதுங்கறார், இன்னொருத்தர் பரவால்லங்கறார்.

பேசலாம், எதற்கு என்று தெரிந்து பேசினால். மூன்று இடங்களில் தமிழ் நன்றாக உதவும். படத்தாலோ செய்கையாலோ காட்ட முடியாத ஒரு சொல்லின் பொருளைச் சட்டென்று சொல்லிவிட்டு நகர்வதற்கு. ஆங்கிலத்தில் கொடுத்த கட்டளை புரிந்ததா என்று பார்க்க, 'இப்ப என்ன செய்யணும், தமிழ்ல சொல்லு' என்பதற்கு. எழுதும் முன் என்ன எழுதலாம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. பிள்ளை மலையாளத்தில் பதில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் பிள்ளைக்கு இரண்டுமே சொந்தக் கை.

கூடாதது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு. அப்படி நடக்கும் வகுப்பில் நீங்கள் ஆங்கில வரியைப் படிக்கும்போது பிள்ளைகளின் கண் புத்தகத்தில் இருக்காது, உங்கள் வாயில் இருக்கும். அடுத்து தமிழ் வரப்போகிறது என்று தெரிந்தபின் ஆங்கிலத்தை யார் கேட்பார்கள்?

இன்னொரு பயனும் உண்டு, எல்லைப் பள்ளிக்கே உரியது. 'நான் நேத்து பொள்ளாச்சி போனேன்', 'ஞான் இன்னலெ பொள்ளாச்சியில் போயி', 'ஐ வென்ட் டு பொள்ளாச்சி எஸ்டர்டே' என்று மூன்றையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வினையை வட்டமிடச் சொல்லுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் கடைசியில், ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி. பிறகு ஆளை மாற்றுங்கள்: நான், அவன், அவர்கள். தமிழில் போனேன், போனான், போனார்கள் என்று வால் மாறும். மலையாளத்தில் எல்லோருக்கும் 'போயி', ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'வென்ட்'. தமிழில் வாலே ஆளைக் காட்டிவிடுவதால்தான் நம் பிள்ளைகள் 'ஐ'யை விட்டுவிட்டு 'வென்ட் டு பொள்ளாச்சி' என்று எழுதுகிறார்கள். மலையாளம் தெரிந்த பிள்ளையே இதை வகுப்புக்கு விளக்கட்டும். பதினைந்து நிமிடம் போதும்.

7. 'பிக்'னு பெரிசுக்கும் பன்னிக்கும் ஒரே மாதிரி சொல்றாங்க. எழுத்துலயும் மாத்திப் போடறாங்க. எப்படித் திருத்தறது?

தமிழ் எழுத்தில் இரண்டையும் 'பிக்' என்றுதான் எழுத முடியும். குழப்பம் அங்கே தொடங்குகிறது. ஆனால் பெரியதுக்கான சொல்லில் வரும் அதிரும் 'ப' ஒலி பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 'பழம்' சொல்லச் சொல்லுங்கள், பிறகு 'பஸ்'. 'அப்பு', பிறகு 'அம்பு'. தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால் 'பஸ்', 'அம்பு' இரண்டிலும் அந்த 'ப' வரும் இடத்திலேயே அதிர்வு தெரியும்.

அடுத்தது தாள். சிகரெட் அகலத்துக்கு மெல்லிய தாளைக் கிழித்து உதட்டுக்கு முன் ஒரு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். பன்றிக்கான ஆங்கிலச் சொல்லைக் காற்றோடு சொன்னால் தாள் ஆடும். பெரியதுக்கான சொல்லுக்கு அவ்வளவு ஆடாது. நோட்டு அட்டையை எடுத்தால் ஆடாது, பில் தாள் போல மெல்லியதாக இருக்க வேண்டும். மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து போடுவார்கள். அதைப் பலகையில் எழுதவிட்டு ஆங்கில எழுத்தோடு கோடு போட்டு இணையுங்கள்.

முதலில் காது, பிறகு வாய். நீங்கள் சொல்ல, அவர்கள் ஒரு விரல் அல்லது இரண்டு விரல் காட்டட்டும். பெரும்பாலோர் சரியாகக் காட்டிய பிறகே சொல்லவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

8. 40 பேர் இருக்கற வகுப்புல டாஸ்க் எல்லாம் நடக்குமா?

நடக்கும். டாஸ்க் என்றால் ஆங்கிலத்தைப் பயன்படுத்தி யோசித்து விடை காண வேண்டிய ஒரு வேலை. அது நடக்கும் என்பதற்குச் சான்று தென்னிந்தியாவிலேயே இருக்கிறது. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு தலைமையில் பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில், சாதாரண வகுப்புகளில், சாதாரண பலகையும் தாளும் வைத்தே நடந்த சோதனை உலகெங்கும் டாஸ்க் வழிக் கற்பித்தலுக்கு ஒரு தொடக்கம் ஆனது. பிரபு குழுவேலையை வற்புறுத்தவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆசிரியர் முழு வகுப்போடும் சேர்ந்து ஒரு டாஸ்க்கைத் தீர்ப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகத் தீர்ப்பார்கள்.

உங்கள் ஊருக்கு ஏற்றபடி ஒன்று. பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் மூன்று பஸ்களின் கற்பனை நேரத்தை இந்த ஊர் வரிசைப்படியே பலகையில் எழுதுங்கள். முதல் பஸ் 7.10, 7.50, 8.40. இரண்டாவது 7.35, 8.15, 9.05. மூன்றாவது 7.50, 8.30, 9.20. முதலில் எளிய கேள்விகளை முழு வகுப்பிடமும் ஆங்கிலத்தில் கேளுங்கள்: முதல் பஸ் கொழிஞ்சாம்பாறைக்கு எப்போது வரும்? எந்த பஸ் 9 மணிக்கு முன் பொள்ளாச்சி சேரும்? இதற்கு எட்டு நிமிடம். பிறகு டாஸ்க்: மீனா கொழிஞ்சாம்பாறையில் ஏறி, 9.30க்குப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடை 20 நிமிடம். அவள் பிடிக்கக்கூடிய கடைசி பஸ் எது, ஏன்? அவசரக்காரர்கள் மூன்றாவது என்பார்கள், நடையை மறந்து. சரியான விடை 8.15 பஸ். 'ஏன்' என்று கேட்கும் இடத்தில்தான் 'பிகாஸ்' தானாக வெளியே வரும்.

வகுப்பில் பாதிப் பேர் டாஸ்க்கில் பாதியைச் சரியாகச் செய்தால் அதன் கடினம் சரியாக இருக்கிறது என்று பிரபுவின் குழு வைத்துக்கொண்ட அளவு இன்றும் பயன்படும். எல்லோரும் சரியாகச் செய்தால் அடுத்ததைக் கடினமாக்குங்கள்.

9. சத்தம் அதிகமா இருக்குன்னு ஹெச்எம் சொல்றாரு.

செய்யப்போகும் முன்பே போய்ச் சொல்லுங்கள்: 'சார், வியாழக்கிழமை மூணாவது பீரியட், பத்து நிமிஷம் ஜோடியாப் பேச வைக்கப்போறேன். முடிஞ்சா வந்து பாருங்க.' ஆரம்பத்தில் ஜோடி மட்டும், குழு வேண்டாம். நிறுத்துவதற்கு ஒரு சைகையை முன்கூட்டியே பழக்குங்கள். நீங்கள் கை தூக்கினால் எல்லோரும் கை தூக்கி வாய் மூட வேண்டும். கத்தி நிறுத்தினால் சத்தம் கூடத்தான் செய்யும்.

10. போர்ஷன் முடிக்கவே நேரமில்ல. இதுல புதுசா வேறயா?

இருப்பதன்மேல் ஏற்றாதீர்கள். ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வையுங்கள். ஆறாம் பதிலில் சொன்ன வரிக்கு வரி மொழிபெயர்ப்பை ஒரு பாடத்தில் நிறுத்திப் பாருங்கள், மிச்சமாகும் நேரம் உங்களுக்கே தெரியும். பாடத்தின் எல்லாப் பத்தியையும் ஒரே ஆழத்தில் நடத்தவும் வேண்டாம். இரண்டு பத்தியை நன்றாகத் தோண்டுங்கள், மற்றதை மௌன வாசிப்புக்கும் இரண்டு கேள்விக்கும் விடுங்கள்.

தேர்வுப் பயம் நியாயமானதே. கேரளத்தில் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் 30 சதவீதக் குறைந்தபட்ச மதிப்பெண் வந்துவிட்டது. ஆனால் எஸ்எஸ்எல்சி ஆங்கிலத் தாளை எடுத்துப் பாருங்கள்: உரையாடல், கடிதம், டைரிக் குறிப்பு, நோட்டீஸ், ஒருவரைப் பற்றிய விவரக் குறிப்பு என்று சொந்தமாக எழுதச் சொல்கிறது. கைடில் உள்ளதை மனப்பாடம் செய்த பிள்ளை, சூழல் கொஞ்சம் மாறினால் அங்கேதான் தடுக்கி விழுகிறது. அந்தப் பிள்ளைக்காகவே நடத்தும் முறையை மாற்றச் சொல்கிறோம்.

11. கூட வேலை பாக்கற டீச்சர் வகுப்பைப் பாக்க வந்தா சங்கடமா இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி ஆயிடுது.

பார்க்க வருபவர் 'எல்லாவற்றையும்' பார்த்தால் அப்படித்தான் ஆகும். முந்தின நாள் பத்து நிமிடம் பேசி, எதைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பு எடுப்பவரே ஒன்றைச் சொல்ல வேண்டும். உதாரணமாக, யார் யாரிடம் கேள்வி போகிறது என்பது. வருபவர் ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் போட்டு வரைந்துகொள்வார். யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு; அந்தப் பிள்ளை பதில் சொன்னால் ஒரு புள்ளி. இருபது நிமிடம் போதும்.

அன்றே அந்தத் தாளை வகுப்பு எடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். நகல் வேண்டாம், ஆபீசுக்கும் போகக்கூடாது. 'நல்லா இருந்துச்சு டீச்சர்' என்பதும் வேண்டாம், 'நானா இருந்தா' என்பதும் வேண்டாம். தாளைப் பார்த்து வகுப்பு எடுத்தவர் முதலில் பேசட்டும். முன் இரண்டு பெஞ்சிலும் நடு வரிசையிலும் கோடு குவிந்து, சுவரோரப் பிள்ளைகள் வெறுமையாக இருப்பது பல தாள்களில் தெரியும். அடுத்த வாரம் நீங்கள் அவர் வகுப்புக்குப் போக வேண்டும். ஒருவழியாகப் போனால் மறுபடி இன்ஸ்பெக்‌ஷன்தான்.

12. எங்க ஸ்கூல்ல இங்கிலீஷுக்கு நான் ஒருத்திதான். யாரைக் கூப்பிடறது?

தமிழாசிரியரையோ கணக்கு ஆசிரியரையோ கூப்பிடுங்கள். பதினொன்றில் சொன்ன கட்டத் தாளுக்கு ஆங்கிலப் புலமை தேவையே இல்லை. ஐந்தில் சொன்ன ஒலிப்பதிவு தனியாளுக்கும் பொருந்தும். மாதம் ஒரு சனிக்கிழமை எல்லைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் உள்ள நாலைந்து ஆசிரியர்கள் கூடினால் இன்னும் நல்லது. பாடத்திட்டம் வேறு, பிள்ளைகளின் தமிழும் தடுமாற்றமும் ஒன்றே. கூடும்போது ஆளுக்கு ஒரு பிள்ளையின் நோட்டுப் பக்கத்தைப் பெயரை மறைத்துக் கொண்டுவாருங்கள். பேச்சு அந்தப் பக்கத்தைப் பற்றி இருக்கட்டும். சம்பளம், டிரான்ஸ்ஃபர் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடிந்தது.

13. என் இங்கிலீஷே தடுமாற்றம்தான். முதல்ல அதை எங்க போய்ச் சரிபண்றது?

வகுப்பில் தினமும் தேவைப்படும் ஆங்கிலம் அளவுக்குட்பட்டது. கட்டளை, கேள்வி, பாராட்டு, திருத்தம் என்று முப்பது வாக்கியத்தை எழுதி, தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்து, வாரம் ஐந்தாகப் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாளைய பாடத்தை இன்று இரவு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகமுள்ள சொல்லை அகராதிச் செயலியில் கேளுங்கள். தெரியாத சொல்லைப் பிள்ளை கேட்டால், 'சேர்ந்து பார்க்கலாம்' என்று வகுப்பிலேயே அகராதியைத் திறங்கள். பிள்ளைகள் அதிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள்.

முறையான படிப்புக்கு: பெங்களூருவில் 1963இல் தொடங்கிய தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 30 நாள் பயிற்சி நடத்துகிறது, அதற்குத் துறை வழியாகத்தான் போக முடியும், பிஆர்சியில் பெயர் கொடுத்து வையுங்கள். ஹைதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி இன்று இஃப்லு என்று அறியப்படும் பல்கலைக்கழகம் ஆங்கிலம் கற்பிப்போருக்கான படிப்புகளுக்குப் பெயர்போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கமான எல்டாயில் உறுப்பினராகச் சேர்ந்தால் மற்ற ஊர் ஆசிரியர்கள் செய்வதும் தெரியவரும்.

14. சாட்ஜிபிடியை வெச்சு பாடம் தயார் பண்ணலாமா?

ஒரு வேலைக்கு அது நன்றாகவே உதவும்: பாடத்திலுள்ள பத்தியை மூன்று கடின அளவில் எழுதித் தரச் சொல்வது. எளியதற்கு 60 சொல், குறுகிய வாக்கியம், இறந்தகாலம் மட்டும் என்று அளவைக் குறிப்பாகச் சொல்லுங்கள். 'எளிதாக எழுது' என்று மட்டும் சொன்னால் அதன் எளிமை நம் ஐந்தாம் வகுப்புக்குக் கடினமாக இருக்கும். வந்ததை வரிவரியாகப் படியுங்கள். பனிமனிதனையும் ஹாலோவீனையும் எடுத்துவிட்டு மாரியம்மன் திருவிழாவையோ ஓணத்தையோ போடுங்கள். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் ஏற்றவே கூடாது.

15. மாத்தினது பலன் குடுத்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பரீட்சை மார்க்கைப் பாத்தா போதுமா?

மார்க் தாமதமாக வரும், அதில் வேறு பல காரணங்களும் கலந்திருக்கும். மாற்றத்தைத் தொடங்கும் முன் ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள்: நன்றாகச் செய்பவர் இருவர், நடுவில் இருவர், வாயே திறக்காதவர் இருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு படத்தைக் காட்டி ஒரு நிமிடம் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். வேறு யாரும் கேட்காத இடமாக இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து அதே கடினமுள்ள வேறு படம், அதே ஒரு நிமிடம். அதே படத்தைக் கொடுத்தால் நினைவிலிருந்து பேசிவிடுவார்கள்.

இரண்டையும் கேட்டு எண்ண வேண்டியவை இரண்டுதான்: ஆங்கிலச் சொற்கள் எத்தனை, முழு வாக்கியம் எத்தனை. பிழைகளை இப்போது எண்ணாதீர்கள். கூடுதலாகப் பேசத் தொடங்கும் பிள்ளை கூடுதலாகப் பிழையும் செய்யும். அதைப் பின்னடைவு என்று எடுத்துக்கொண்டு நல்ல மாற்றத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. கடைசி இருவரிடம் எந்த அசைவும் இல்லாவிட்டால், முறையை மாற்றும் முன் பதினொன்றில் சொன்ன கட்டத் தாளை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த ஆறு வாரத்தில் அவர்களிடம் கேள்வியே போகாமல் இருந்திருக்கலாம்.